சாவிக்கொத்து வலிப்பை நிறுத்துமா?

வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் பக்கத்தில் இருந்த மாணவன் திடீரென்று விறைத்துக் கீழே விழுகிறான். கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயில் நுரை. "இரும்பைக் கையில் கொடு!" என்று யாரோ கத்துகிறார்கள். சாவிக்கொத்து வருகிறது. சற்று நேரத்தில் இழுப்பும் நிற்கிறது. பார்த்தீர்களா, இரும்பின் மகிமையை!

உண்மை என்ன? மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. இவ்வலைகளை மனிதத் தலையிலிருந்து 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஏராளமான அணுக்கள் ஒரே சமயத்தில் கட்டுமீறித் துடித்தால் அதுவே வலிப்பு. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் அது தானே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்து வர அவ்வளவு நேரம் ஆகிறது. பெயர் மட்டும் சாவிக்கு!

வேறொரு வகையில் இழுப்பே இராது. சில விநாடிகள் வெறித்த பார்வை மட்டும். 'பகற்கனவு' என்று திட்டு வாங்கும் சிலருக்கு உண்மையில் மருத்துவரே தேவை.

ஆகவே, யாராவது விழுந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பெஞ்சுகளை நகர்த்தி, தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைக்கும். தண்ணீரும் வேண்டாம். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, இதுவே முதல் வலிப்பானாலோ, ஆசிரியரிடம் சொல்லி 108-ஐ அழையுங்கள்.

கண் விழிக்கும்போது அவனுக்கு எதுவும் நினைவிராது. உடை நனைந்திருக்கலாம். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, நெருங்கிய நண்பன் ஒருவன் மட்டும் அருகில் இருக்கட்டும்.