நோய் நீங்கிய பின்னும் நிற்கும் களைப்பு

எம் தமக்கையார் மார்பகப் புற்றுநோய்க்குரிய சிகிச்சைகளை நிறைவு செய்து வீடு திரும்பியபோது, துன்பம் ஒழிந்ததென்றே யாம் மகிழ்ந்தோம். ஆறு திங்கள் கழிந்த பின்னரும் அவர் கிணற்றடிக்குச் சென்று வந்தாலே திண்ணையிற் சாய்ந்துவிடுவார். இரவில் நித்திரையும் இல்லை. "நோய்தான் நீங்கிவிட்டதே, அக்கா, இன்னும் என்ன களைப்பு?" என்று யாம் ஒருநாள் கேட்டுவிட்டோம். அவர் விடை கூறாது எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அக்கேள்வி எத்துணைப் பிழையானதென்பதைப் பின்னரே அறிந்தோம். இம்மலரைப் படிப்போருட் பெரும்பாலார் கணவரும் மைந்தரும் உடன்பிறந்தாருமாகிய ஆடவராதலின், யாம் அறிந்தவற்றை அவர்க்குக் கூறுதல் கடனென எண்ணுகின்றோம்.

உழைத்தவன் களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீரும். இக்களைப்போ ஓய்வால் தீர்வதன்று. அறுவைச் சிகிச்சை, இரசாயன மருந்துச் சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றின் பின் இது பல திங்களும், சிலரிடத்துப் பல ஆண்டுகளும் நிற்பதுண்டு. இது சோம்பலன்று, நோய் மீண்டது என்பதற்கு இது மட்டுமே சான்றுமன்று. எனினும் வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும். இரத்தச் சோகை, தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, நாட்பட்ட நோவு என்னும் தீர்க்கத்தக்க காரணங்கள் அதனுள் மறைந்திருத்தல் கூடும். இவற்றுட் சில இரத்தப் பரிசோதனையால் வெளிப்படும். மூச்சுத் திணறல், நெஞ்சுநோவு, காய்ச்சல் ஆகியன உடன் தோன்றின் சிறிதும் தாமதித்தலாகாது.

நித்திரைக் குறைவுக்கும் காரணம் உண்டு. ஓமோனின் செயலைத் தடுக்கும் தமொக்சிபென் போன்ற குளிசைகளைப் பலர் ஐந்து முதற் பத்து ஆண்டுகள் வரை உட்கொள்கின்றனர். அவற்றால் நள்ளிரவில் உடல் திடீரெனக் கொதித்து வியர்த்து விழிப்பு உண்டாகும். அதன்பொருட்டுக் குளிசையைத் தாமாக நிறுத்துதல் பெருந்தவறு. வெப்பத்தைத் தணிக்க வைத்தியரிடம் வழிகள் உள. மனச்சோர்வுக்குரிய மருந்துகளுட் சில தமொக்சிபெனின் பயனைக் குறைப்பன. ஆதலின் வேறெம் மருந்தையும், மூலிகையாயினும், வைத்தியரைக் கேளாது சேர்த்தலாகாது.

இரவில் உறங்காதவர் பகலிற் படுப்பர். பகலிற் படுத்தமையால் மறுநாள் இரவும் உறக்கம் வாராது. இவ்வட்டத்தை அறுத்தல் வேண்டும். நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற்கண் கொள்ளத்தக்கது நித்திரைக் குளிசையன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சையே என அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது. அதன் விதிகள் எளியன. எவ்வளவு பிந்தி உறங்கினும் நாடோறும் ஒரே வேளையில் எழுக. படுக்கையை உறக்கத்திற்கன்றிப் பிறவற்றிற்குப் பயன்படுத்தற்க. இருபது நிமிடமளவில் நித்திரை வாராவிடின் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக இருந்து, கண் சொக்கும்போது மீள்க. பகல் நித்திரை அரைமணியைத் தாண்டாதிருக்கட்டும். பிற்பகலிலே தேநீரும் கோப்பியும் தவிர்க்க.

களைப்புற்றவரை நடக்கச் சொல்லுதல் முரணெனத் தோன்றும், எமக்கும் தோன்றியது. ஆயினும் களைப்பைக் குறைப்பனவற்றுள் அளவான உடற்பயிற்சியே மிக நன்கு நிறுவப்பட்டவற்றுள் ஒன்றாகும். வாரத்தில் மூன்று நாள், முறைக்கு முப்பது நிமிடம், பன்னிரண்டு வாரமேனும் பயிலுதல் பயன் தருமென 2019இல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் அறிக்கை கூறுகின்றது. வைத்தியரைக் கேட்டு, ஐந்து நிமிட நடையிலே தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுதல் நன்று. உடல் சற்றுத் தேறிய நாளில் எல்லா வேலையையும் ஒருங்கே முடிக்க முயல்வோர் மறுநாள் எழ மாட்டார். நல்ல நாளிலும் தீய நாளிலும் அளவு ஒத்திருத்தலே முறை.

இவற்றுள் எதுவும் வீட்டார் துணையின்றி நடவாது. வேலையைப் பங்கிட்டுக் கொள்ளாது "ஓய்வெடு" என்று சொல்லுதல் வெறுஞ்சொல்லே. இப்பொழுது வைகறையில் எம் தமக்கையாருடன் ஒழுங்கை முடியும் வரை யாமும் நடக்கின்றோம். களைப்பு முற்றாக நீங்கவில்லை. ஆயினும் திண்ணையில் சாயும் நாட்கள் குறைந்துள்ளன. பழைய கேள்வியை யாம் இப்போது கேட்பதில்லை. "இன்றைக்கு நான் எந்த வேலையைச் செய்ய வேண்டும், அக்கா?" என்றே கேட்கின்றோம். அதற்கு அவர் விடை கூறுகின்றார்.