டெனிஸ் ஹீலி: சீருடையும் சீர்திருத்தவாதமும்

பிரித்தானியத் தொழிற்கட்சியின் வரலாற்றில் டெனிஸ் ஹீலி (1917–2015) பெறும் இடம் தனிமனித ஆற்றலினால் மாத்திரம் விளக்கத்தக்கதன்று. 1937 இல் ஒக்ஸ்போர்ட் மாணவராயிருந்தபோது கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்த அவர், 1940 இல் பிரான்ஸ் வீழ்ச்சியுற்றபின் அதிலிருந்து விலகினார். இரண்டாம் உலகப் போரில் பொறியியற் படைப்பிரிவிற் பணியாற்றி, 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோ கடற்கரையிற் படைகளைத் தரையிறக்கும் பணியை மேற்கொண்டார். 1945 இல் மேஜருக்குரிய சீருடையுடனேயே கட்சி மாநாட்டு மேடையேறி, ஐரோப்பிய மேல்வர்க்கங்களைக் கடுமையாகச் சாடினார்.

அவ்வாண்டுத் தேர்தலில் தோல்வியுற்ற அவர், பின்னர் கட்சியின் சர்வதேசச் செயலாளராகி, 1952 இல் லீட்ஸ் நகரிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1964 முதல் 1970 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். 1967 நவம்பரில் ஸ்ரேலிங் பவுணின் மதிப்புக் குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து, சுயஸுக்குக் கிழக்கேயுள்ள படைகளை 1971 இறுதிக்குள் மீளப்பெறும் முடிவு 1968 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இதனை ஏகாதிபத்தியத்தின் மனமாற்றமெனக் கொள்வது பொருந்தாது. பொருளாதார நெருக்கடியே அதனை நிர்ப்பந்தித்தது. மேலும், அதே அரசாங்கமே 1965 இல் சாகோஸ் தீவுகளை மொரிஷியசிலிருந்து பிரித்தெடுத்து, மறு ஆண்டு தியேகோ கார்சியாவை அமெரிக்காவின் இராணுவத் தேவைக்கு வழங்கியது. 1973 அளவில் அத்தீவுகளின் மக்கள் முற்றாக வெளியேற்றப்பட்டிருந்தனர். இந்து சமுத்திரத்தின் காவற்பொறுப்பு கைமாறிற்றேயன்றி ஒழிந்துவிடவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1974 இல் நிதியமைச்சரான ஹீலி, உழைப்பு வருமானத்தின் மீதான உச்ச வரிவிகிதத்தை 83 சதவீதமாக உயர்த்தினார். ஆயினும் 1976 இல் பவுண் சரிவுற்றபோது, சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டொலர் கடன் கோரி, அரசாங்கச் செலவினங்களை வெட்ட இணங்கினார். ஊதிய உயர்வை 5 சதவீதத்துள் அடக்க முயன்ற கொள்கையை எதிர்த்துத் தொழிலாளர் 1978–79 குளிர்காலத்திற் பெருமளவில் வேலைநிறுத்தம் செய்தனர். 1979 இல் தச்சரின் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது.

ஹீலியைத் துரோகியென ஒதுக்குவது எளிது. எனினும் அது எதனையும் விளக்காது. 1945 இல் அவர் சாடிய வர்க்கத்தின் உடைமைகளும் நிதிநிறுவனங்களும் பெரும்பாலும் குலையாதிருக்க, அவற்றின் மேல் எழுந்த அரசினை நிருவகிக்கும் பொறுப்பையே அவர் ஏற்றார். நெருக்கடி வேளையில் அவ்வரசின் தேவைகளே அவரது தெரிவுகளாயின. சீர்திருத்தவாதத்தின் எல்லைகளை ஆராய்வோர்க்கு, அவரது நேர்மையைவிட இவ்வுறவே முதன்மையான ஆய்வுப் பொருளாதல் வேண்டும்.