மழை மறந்த பள்ளத்தில் திராட்சை

சீனாவின் வடமேற்கே, தியான்ஷான் மலைத்தொடரை ஒட்டிக் கிடக்கிறது துர்ஃபான் பள்ளம். அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கும் 154 மீட்டர் கீழே. ஓராண்டு மழையை மொத்தமாகச் சேர்த்தாலும் 20 மில்லிமீட்டர் தேறாது. கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். மலை தாண்டி இறங்கும் காற்று, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறிக்கொண்டே வருகிறது. அந்த அனலில்தான் பந்தல் பந்தலாகத் திராட்சை விளைகிறது. இங்குள்ள யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்த திராட்சைக் கொடிக்கு வயது ஏறக்குறைய 2,300 ஆண்டுகள்!

தண்ணீர் வருவது மலைப்பனியிலிருந்து. வாய்க்காலில் விட்டால் வெயிலே குடித்துவிடும் என்பதால், இங்கு வாழும் உய்குர் மக்கள் அதைப் பூமிக்கடியில் நடத்தி வருகிறார்கள். அந்தச் சுரங்கக் கால்வாய்க்குக் காரெஸ் என்று பெயர். மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைத் தொடும் ஆழத்தில் அது தொடங்கும். தரையின் சரிவைவிடச் சுரங்கத்தின் சரிவு குறைவு. எனவே போகப்போகத் தரை தாழ்ந்து வந்து சுரங்கத்தைத் தொட்டுவிடும். அங்கே நீர் தானாக வெளியே வரும். ஏற்றம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். வழியெங்கும் மண்ணை அள்ளவும் காற்றுக்கும் செங்குத்துக் கிணறுகள். இருட்டில், கைக்கருவிகளோடு, இந்தச் சரிவைப் பிசகாமல் வெட்டியவர்களை எண்ணினால் உண்மையிலேயே மலைப்பாக இருக்கிறது.

தண்ணீர் மட்டும் கிடைத்துவிட்டால், வறட்சியே திராட்சைக்குத் துணையாகிவிடுகிறது. மேகமற்ற வானம் இலைகளுக்கு ஓயாமல் ஒளி தருகிறது; பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. உலர்ந்த காற்றில் பூஞ்சை நோய்கள் தலையெடுப்பது கடினம். ஆனால் கடும் வெப்பத்தில் பழம் தன் மாலிக் அமிலத்தைச் செலவழித்துவிடும். புளிப்பு குறைந்த, சர்க்கரை மிகுந்த இப்பழம் இனிப்பு வைனுக்குப் பொருந்துகிறது. கி.பி. 640-இல் சீனத் தாங் வம்சத்தின் படை இங்கிருந்த காவோசாங் அரசை வென்றபோது, இவ்வூர்த் திராட்சையும் மது ஆக்கும் முறையும் சீனத் தலைநகருக்குப் போயின.

இன்று பெரும்பகுதி உலர்திராட்சையாகிறது. ஓட்டை ஓட்டையாகக் கட்டிய செங்கல் வீடுகளில் குலைகளைத் தொங்கவிடுகிறார்கள். அனல் காற்று உள்ளே புகுந்து ஈரத்தை எடுத்துப்போகும். வெயில் படாததால் பச்சை நிறம் பெரிதும் நிலைக்கும். குளிர்காலத்திலோ கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கி மண்ணில் புதைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உறைபனியும் வறண்ட காற்றும் சேர்ந்து அவற்றைக் கொன்றுவிடும்.

காரெஸ் தன்னிடம் ஊறி வருவதை மட்டுமே தரும். ஆழ்துளைக் கிணறுகள் அதற்கும் மேலே இறைத்ததில் நிலத்தடி நீர் சுரங்கங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதனால் பல காரெஸ்கள் இப்போது வறண்டு கிடக்கின்றன.