பார்த்தலும் மாற்றிப் பார்த்தலும்

ஓர் உயிர் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்னும் வினாவிலிருந்தே நடத்தை பற்றிய ஆராய்ச்சி தொடங்குகிறது. மனிதரின் மனத்தையும் நடத்தையையும் ஆராயும் துறை உளவியல் ஆகும். விலங்குகளின் நடத்தையை ஆராயும் துறை அதற்கு நெருங்கிய உறவுடையது. இவ்விரு துறைகளிலும் தரவு திரட்டும் வழிகள் பல உண்டு. அவற்றுள் உற்றுநோக்கல், சோதனை ஆகிய இரண்டும் முதன்மையானவை. உள்ளதை உள்ளவாறே பார்த்துப் பதிவு செய்வது உற்றுநோக்கல். ஒன்றை மட்டும் மாற்றி, அதனால் விளைவது யாது எனக் காண்பது சோதனை. இவற்றின் வேறுபாட்டைப் பெங்களூருவின் குளவிக் கூடுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

உற்றுநோக்கல்

கன்னடத்தில் 'கணஜ' எனப்படும் குளவிகளில் பல வகைகள் உண்டு. அவற்றுள் காகிதக் குளவி என்பது தாவர நாரை மென்று, உமிழ்நீருடன் கலந்து, காகிதம் போன்ற பொருளால் கூடு கட்டும் இனமாகும். தென்னிந்தியாவில் வாழும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் காகிதக் குளவியைப் பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ராகவேந்திர கதக்கரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர்.

ஒரு கூட்டிலுள்ள குளவிகள் அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே ஒவ்வொன்றின் உடலிலும் வெவ்வேறு வண்ணப் புள்ளிகள் இடப்பட்டன. பின்னர், முன்னரே வகுத்த சிறு சிறு நேரப் பகுதிகளில், ஒவ்வொரு குளவியும் என்ன செய்கிறது என்பது பதிவு செய்யப்பட்டது. இவ்வாறு நேரம் வகுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. சண்டை கண்ணைக் கவரும். சும்மா உட்கார்ந்திருத்தல் கவராது. கண் போன போக்கில் எழுதினால், கூட்டில் எந்நேரமும் சண்டையே நடப்பதாகக் குறிப்பேடு பொய் சொல்லும்.

கதக்கரும் என். வி. ஜோஷியும் 1983இல் இத்தகைய பதிவுகளின் முடிவுகளை வெளியிட்டனர். குளவிகள் மூவகையாகப் பிரிந்திருந்தன: உட்கார்ந்திருப்பவை, சண்டையிடுபவை, இரை தேடிச் செல்பவை. முட்டையிடும் அரசியோ சண்டைக்காரி அல்லள். அவள் உட்கார்ந்திருப்போருள் ஒருத்தி. யாரும் எதிர்பாராத இவ்வுண்மை, எதையும் மாற்றாமல் பொறுமையாகப் பார்த்ததனாலேயே கிடைத்தது.

சோதனை

அரசி இல்லாது போனால் அடுத்த அரசி யார்? இவ்வினாவுக்கு உற்றுநோக்கல் மட்டும் விடை தரவில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர் அரசியைக் கூட்டிலிருந்து அகற்றினர். சிறிது நேரத்திற்குள் ஒரே ஒரு குளவி மிகுந்த சீற்றம் கொண்டது. அரசியை மீண்டும் விட்டால் அதன் சீற்றம் அடங்கியது. விடாதிருந்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதுவே முட்டையிட்டுப் புதிய அரசியாயிற்று. இச்சோதனையில் மாற்றப்பட்டது ஒன்றே: அரசியின் இருப்பு. ஆதலால் சீற்றத்திற்குக் காரணம் அரசி இல்லாமையே என்று துணிய முடிந்தது.

அந்த வாரிசு யார் என்பதை மனிதரால் முன்கூட்டியே கூற இயலவில்லை. குளவிகளுக்கு அது தெரியுமா? அனிந்திதா பத்ராவும் கதக்கரும் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். கூட்டை இரண்டாக வெட்டி, இடையே கம்பி வலை வைத்து, குளவிகளை இருபுறமும் பிரித்தனர். அரசி இல்லாத பாதியில் ஒரு குளவி சீற்றம் கொண்டது. பின்னர் அதனையும் அரசியையும் இடம் மாற்றினர். சில கூடுகளில் அதுவே மறுபாதியிலும் வாரிசாக நீடித்தது, எதிர்ப்பு எழவில்லை. வேறு சில கூடுகளில் மறுபாதியில் இருந்த மற்றொரு குளவி எழுந்தது. அதனைக் கண்டதும் முதற்குளவி அடங்கிப்போயிற்று. உண்மையான வாரிசு யார் என்பது மனிதருக்குப் புலப்படாவிடினும் குளவிகளுக்குத் தெரிந்திருந்தது.

சோதிக்கக் கூடாதவை

குளவிக் கூட்டிலிருந்து அரசியை அகற்றலாம். குழந்தையிடமிருந்து தாயை அகற்றிச் சோதிக்கலாமா? கூடாது. அறிவு பெறுவதற்காக ஒருவருக்குத் துன்பம் விளைத்தல் அறமன்று.

ஆயினும் தாயைப் பிரிந்த குழந்தையின் மனநிலையை அறிய வேண்டிய தேவை இருந்தது. முன்பு இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில், சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் விரும்பியவாறு பார்க்க இயலாது. அழாத குழந்தை அமைதியாக இருக்கிறது என்றே பலரும் எண்ணினர். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார், சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியை நாள்தோறும் படம்பிடித்தார். 1952இல் வெளியான அப்படம், அமைதிபோல் தோன்றியது அடக்கிக்கொண்ட துயரமே என்பதைக் காட்டியது. மருத்துவர் பலர் முதலில் அதனை ஏற்கவில்லை. எனினும் 1959இல் அந்நாட்டின் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றிக் குழந்தைகளைக் காண வழிசெய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ராபர்ட்சன் எவரையும் பிரிக்கவில்லை. முன்னரே நேர்ந்திருந்த பிரிவைக் கவனமாகப் பார்த்தார்.

இன்று மனிதரை உட்படுத்தும் ஆராய்ச்சிகளுக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, குழந்தை பங்குபெறப் பெற்றோரின் சம்மதம் தேவை. குழந்தை ஏழு வயதை எட்டியிருந்தால் அதன் இசைவையும் கேட்டல் வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை சிறுவர்க்கும் உண்டு.

என்ன நிகழ்கிறது என்பதை உற்றுநோக்கல் கூறும். ஏன் நிகழ்கிறது என்பதைச் சோதனை கூறும். எதனைச் சோதிக்கலாம், எதனைப் பார்க்க மட்டுமே செய்யலாம் என்று பகுத்தறிவதே ஆராய்ச்சியாளரின் முதற்கடமை.

சிந்தித்து விடையளிக்க

1. குளவிகளின் உடலில் வண்ணப் புள்ளிகள் இடப்பட்டது ஏன்?
2. அரசியை அகற்றிய சோதனையில் மாற்றப்பட்டது எது? விளைந்தது எது?
3. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் ஒரு சிறுவன் எப்போது எம்மொழியில் பேசுகிறான் என்பதை அறிய ஓர் உற்றுநோக்கல் அட்டவணை அமைக்க. அவனிடம் முதலில் கேட்க வேண்டியது யாது?