புண்ணுக்குள் புளிப்பும் காரமும்

காலில் முள் குத்தினாலும் கல் இடித்தாலும் மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்து அப்பும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. நீர்விட்ட சுண்ணாம்பின் பி.எச். அளவு 12-ஐத் தொடும். தோலையே வேகவைக்கக்கூடிய காரம் அது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்த எரிச்சல்கூடத் தெரியாது. மறுநாள் கட்டைப் பிரித்தால், கீறல் இருந்த இடத்தில் வெந்த புண் இருக்கும். முழுக்கத் தவிர்க்கக்கூடிய சேதம் இது.

தோலின் இயல்பே புளிப்பு

பி.எச். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நலமான தோலின் மேற்பரப்பு 4 முதல் 6 வரை இருக்கும். வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலமும் எண்ணெய்ப்பசையிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்களும் இந்தப் புளிப்புக்குக் காரணம். பல நோய்க்கிருமிகளுக்கு இது ஒத்துக்கொள்வதில்லை.

தோல் கிழிந்ததும் உள்ளே இருக்கும் திசுநீர் கசிய, அந்த இடம் ரத்தத்தின் அளவான 7.4-ஐ நெருங்குகிறது. ஒழுங்காக ஆறும் புண் மெல்ல அமிலப் பக்கம் திரும்பிவிடும். மாதக்கணக்கில் ஆறாத புண்களோ பெரும்பாலும் 7-க்கு மேலேயே நின்றுவிடுகின்றன. சில 8-ஐயும் தாண்டுகின்றன. அங்கே குடியேறிய சில பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குவதும் இதற்கு ஒரு காரணம்.

உடம்பே சுரக்கும் கிருமிக்கொல்லி

தோல் செல்களும் வெள்ளையணுக்களும் பெப்டைடு எனப்படும் சிறு புரதத் துண்டுகளைச் சுரக்கின்றன. எல்எல்-37, டிஃபென்சின்கள், 2001-ல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் வியர்வையில் கண்ட டெர்ம்சிடின் ஆகியவை இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறை எதிர் மின்னூட்டம் கொண்டது. அதனால் பெப்டைடு போய் ஒட்டிக்கொண்டு உறையைத் துளைக்கிறது. உள்ளிருப்பது வெளியே கசிந்து கிருமி சாகிறது.

அமிலம் கூடினால் என்ன ஆகும்?

இதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது; என் பார்வையில் மிக முக்கியமான இடமும் இதுதான். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பி.எச். 6-ஐ ஒட்டி நேர் மின்னூட்டம் பெறுகிறது. ஆகவே ஹிஸ்டிடின் நிறைந்த பெப்டைடுகள் நடுநிலையில் சோம்பிக்கிடந்தாலும் அமிலச் சூழலில் வீரியம் பெறுகின்றன. உமிழ்நீரில் உள்ள ஹிஸ்டாடின்களும் ஹிஸ்டிடின் மிகுந்தவையே.

எல்எல்-37-இல் ஒரு ஹிஸ்டிடின்கூட இல்லை; ஆகவே இந்த வழியில் அமிலம் அதற்குக் கைகொடுக்காது. அமிலம் கெடுதலாகவும் முடியலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் மூச்சுக்குழாய்ப் படலத்து நீர் வழக்கத்தைவிட அமிலமாகிறது. அந்த நோய்க்கான மரபணு மாற்றம் உள்ள பன்றிக்குட்டிகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அமிலம் கூடியபோது அந்த நீரின் கிருமிகொல்லும் திறன் குறைந்தது தெரிந்தது. அமிலம் ஒன்றைத் தூக்கிவிடுகிறது, இன்னொன்றை மழுங்கடிக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. நாட்பட்ட புண்ணில் வெள்ளையணுக்களும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் விடும் நொதிகள் இந்தப் பெப்டைடுகளையே நறுக்கிப்போடுகின்றன. இந்த நொதிகளில் பல, காரம் சற்றுக் கூடிய நிலையில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். புண் அமிலப் பக்கம் திரும்பினால் அவற்றின் வேகம் தணியும். பெப்டைடுகள் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

வீட்டில் செய்யவேண்டியது

அப்படியானால் எலுமிச்சைச் சாறு ஊற்றலாமா, வினிகர் தடவலாமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். மருத்துவமனையில் சூடோமோனாஸ் தொற்றுக்கு அசெட்டிக் அமிலத்தை நீர்க்கவைத்து, செறிவு பார்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள். புண்ணுக்குப் போடும் தேனும் கிருமிநீக்கம் செய்யப்பட்டது, சமையலறைத் தேன் அல்ல. சுண்ணாம்பு, காப்பித்தூள், சாம்பல் எதுவும் கூடாது.

ஓடும் சுத்தமான தண்ணீரில் காயத்தைக் கழுவுங்கள். சாதாரணச் சோப்பு 9 முதல் 10 வரை காரம் கொண்டது. சுற்றியுள்ள தோலோடு அதை நிறுத்திக்கொண்டு, சுத்தமான துணியால் மூடுங்கள். ஆணியோ முள்ளோ குத்தியிருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிறு கொப்புளம் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு பரவினால், துர்நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சல் கண்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.