ஜீப்புக்கு கிராஸ் மாத்தப் போறீங்களா? முதல்ல வெர்னியரை எடுங்க

பழைய ஜீப் வெச்சிருக்கற யார்கிட்ட வேணும்னாலும் பேசிப் பாருங்க. இன்ஜின் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க, டயர் பத்தி அரை மணி நேரம். புரொப்பல்லர் ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற யுனிவர்சல் ஜாயின்ட் பத்தி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. பட்டறையில அதுக்குப் பேரு 'கிராஸ்'. உடைஞ்ச பிறகு கடைக்குப் போய் "ஜீப் கிராஸ் ஒண்ணு குடுங்கண்ணே"ன்னு கேட்டு, அவர் எடுத்துக் குடுக்கறதை வாங்கிட்டு வந்து சுத்தியலால அடிச்சு மாட்டிடறோம். அந்த 'ஒண்ணு' எதுன்னு எப்படி முடிவு பண்றது? இந்தக் கட்டுரை அதைப் பத்திதான்.

உதாரணத்துக்கு சி.ஜே. 3பி ஜீப்பை எடுத்துக்கறேன். வில்லிஸ் கம்பெனி 1953-ல கொண்டு வந்த மாடல். மஹிந்திரா லைசென்ஸ் வாங்கி நம்ம நாட்டுலயே பல வருஷம் செஞ்சது. போடி பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளுங்களை ஏத்திட்டு மலை ஏறுற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. அந்த வம்சத்தோட பாட்டன் இதுதான்.

இந்த வண்டியில ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இதோட ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி, பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு டிரம் இருக்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது அந்த டிரம்மைத்தான். அந்தப் பிடி ஷாஃப்ட் வழியா, ரெண்டு கிராஸ் வழியா, டிஃபரன்ஷியல் வழியா பின் சக்கரத்துக்குப் போகுது. அப்போ கிராஸ் ஒண்ணு உடைஞ்சா? வண்டி நகராதுங்கறது சின்னப் பிரச்சினை. ஏத்தத்துல நிறுத்தியிருந்தா ஹேண்ட் பிரேக்கும் இல்லை, கியர்ல போட்டு நிறுத்தினாலும் பிடிக்காது. மிச்சம் கால் பிரேக் மட்டும்தான். பின்னாடி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தா இது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பிற்கால மாடல்கள்ல ஹேண்ட் பிரேக் சக்கரத்துக்குப் போயிடுச்சு. உங்க வண்டி எந்த ரகம்னு ஒரு தடவை கீழே குனிஞ்சு பார்த்துக்கோங்க.

கிராஸ்தான் போச்சா?

கிளட்ச் விடும்போது 'டக்', முன் கியர்ல இருந்து ரிவர்ஸ் மாத்தும்போது இன்னொரு 'டக்', மெதுவா போகும்போது தாளம் போட்ட மாதிரி 'கீச் கீச்', கப் ஓரத்துல செம்மண் நிறத்துல துருப்பொடி. இதெல்லாம் கிராஸ் தேஞ்சதுக்கு அடையாளம். ஆனா 'டக்' சத்தம் ஸ்லிப் ஜாயின்ட்டோட பல்லு தேஞ்சாலும் வரும், கிரவுன் பினியன்ல இடைவெளி அதிகமானாலும் வரும். பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. சமதரையில நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரல்ல போடுங்க. ஒரு கையில யோக்கையும் இன்னொரு கையில அதுக்கு எதிர்ப்பக்க யோக்கையும் பிடிச்சு எதிரெதிரா முறுக்குங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஆட்டம் தெரிஞ்சா கிராஸ் போச்சு. ரெண்டும் சேர்ந்தே ஆடுச்சுன்னா கோளாறு வேற இடத்துல. நல்ல கிராஸ்ல கையால உணர முடியற ஆட்டமே இருக்கக் கூடாது.

அளவு

ஸ்பைசர்ங்கற பேரை மெக்கானிக்கல் பசங்க கேட்டிருப்பீங்க. கிளாரன்ஸ் ஸ்பைசர் அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில படிக்கும்போதே, அப்போ கார்கள்ல இருந்த செயினுக்குப் பதிலா மூடி போட்ட யுனிவர்சல் ஜாயின்ட்டை வடிவமைச்சார். 1903-ல பேட்டன்ட், 1904-ல சொந்தக் கம்பெனி. நாம இன்னும் அரியர் கிளியர் பண்ணிட்டு இருக்கோம், அது வேற கதை. இன்னைக்கும் கிராஸ் அளவுகளுக்கு அந்தக் கம்பெனி வெச்ச சீரிஸ் நம்பர்தான் பொதுவான பாஷை.

ஜீப் உலகத்துல அடிக்கடி வர்ற மூணு நம்பர் 1310, 1330, 1350. அளக்க வேண்டியது ரெண்டு: கப்போட வெளி விட்டம், எதிரெதிர் கப்போட வெளி முகத்துக்கு வெளி முகம் நீளம். 1310-க்கு விட்டம் 27.0 மில்லிமீட்டர், நீளம் 81.8. 1330-க்கு விட்டம் அதே 27.0, ஆனா நீளம் 92.1. 1350-க்கு நீளம் 92.1, விட்டம் 30.2. கவனிச்சீங்களா? முதல் ரெண்டுக்கும் கப் ஒண்ணுதான், பின் ரெண்டுக்கும் நீளம் ஒண்ணுதான். அதனால ஒரே ஒரு அளவை மட்டும் எடுத்துட்டு கடைக்குப் போனா தப்பான பீஸோட திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கு. ஸ்கேல் இதுக்கு உதவாது, வெர்னியர்தான்.

அடுத்தது லாக். கப் வெளியே வராம பிடிக்கிற சர்க்ளிப் யோக்கோட வெளிப்பக்கக் காடியில உட்காருதா, இல்ல கப்லயே வெட்டின காடியில யோக்கோட உள்பக்கம் உட்காருதா? அளவு ரெண்டும் சரியா இருந்தாலும் லாக் வேற ரகம்னா மாட்டாது. டிஃபரன்ஷியல் பக்கத்து யோக்ல ரெண்டு கப்பை மட்டும் யூ-போல்ட் போட்டுப் பிடிச்சிருப்பாங்க, அந்தப் பக்கத்தையும் தனியா பார்த்துக்கோங்க. எழுபது வருஷ வண்டியில யார் எந்த ஆக்சிலை எப்போ மாத்தினாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால முன்முனை ஒரு சீரிஸ், பின்முனை வேற சீரிஸா இருக்கறது ஆச்சரியமே இல்லை. ஒரு ஜோடி கப் 1310, இன்னொரு ஜோடி 1330 அளவுல இருக்கற கன்வர்ஷன் கிராஸும் கிடைக்குது.

பழைய கிராஸை மட்டும் அளந்தா போதாது, யோக்கோட துளையையும் ரெண்டு திசையில அளங்க. புது கப் அந்தத் துளைக்குள்ள அழுத்தித்தான் போகணும். கையாலயே தள்ளி உள்ளே போச்சுன்னா யோக் தேஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்போ துளையைச் சுத்திப் பஞ்ச் வெச்சுக் கொத்துறது, மெல்லிசா தகடு சுத்தி அடிச்சு இறக்கறதுன்னு சில வைத்தியம் உண்டு. கொஞ்ச நாள் ஓடும். அந்தக் கொஞ்ச நாள் எங்க போய் முடியும்னு தெரியாது, அதனால யோக்கையே மாத்துங்கன்னுதான் நான் சொல்வேன்.

பெருசா போட்டா நல்லதா?

இங்கதான் விவாதம் சூடாகும். 1310-ஐக் கழட்டிட்டு 1350 போடணும்னு ஒரு கோஷ்டி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சி.ஜே. 3பி-யோட ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் டார்க் சுமார் 155 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46. மூணையும் பெருக்கினா சுமார் 1,067. கிராஸ்ல எதிரெதிர் ஊசி பேரிங்குகளுக்கு நடுவுல 65 மில்லிமீட்டர் தூரம்னு தோராயமா வெச்சா, ஒவ்வொரு கைக்கும் 16 கிலோ நியூட்டனுக்கு மேல வருது. அதாவது ஒன்றரை டன்னைத் தாண்டுது. விரல் கனமுள்ள ஒரு துண்டுக்கு!

ஆனா இந்த முழு டார்க்கும் பின் ஷாஃப்ட்டுக்கு வரணும்னா டயர் வழுக்காம நிக்கணுமே. பின் ஆக்சில் மேல 700 கிலோ எடை, உராய்வு 0.8, டயர் ஆரம் 0.35 மீட்டர், ஆக்சில் விகிதம் 5.38 என்று வெச்சுக்கோங்க. டயர் வழுக்க ஆரம்பிக்கிற நேரத்துல ஷாஃப்ட்ல இருக்கற டார்க் சுமார் 360 நியூட்டன் மீட்டர்தான். ஆள் ஏத்தி 1,000 கிலோ ஆச்சுன்னா 510. அதுக்கு மேல போகாது, டயர் சுத்திடும். அதனால கம்பெனி கொடுத்த டயரும் இன்ஜினும் இருக்கற வண்டிக்கு 1310 தாராளமா போதும்ங்கறது என் கட்சி. பெரிய டயர், வேற டீசல் இன்ஜின் இதெல்லாம் போட்டிருந்தா கணக்கு மாறும், அப்போ உங்க எண்களை வெச்சுத் திரும்பப் போடுங்க.

இந்தக் கணக்கு பிடிக்காத ஒரு நிலைமை இருக்கு: அதிர்ச்சிச் சுமை. சக்கரம் காத்துல வேகமா சுத்திட்டு இருக்கும்போது சட்டுனு பாறையில பிடிச்சா, சுத்திட்டு இருந்த எல்லாத்தோட வேகமும் ஒரு நொடியில நிக்கணும். கிராஸ் உடையறது பெரும்பாலும் அந்த மாதிரி நேரத்துலதான். அதுக்கு மருந்து பெரிய கிராஸ் இல்லை, ஆக்சிலரேட்டர்ல இருக்கற கால்.

"கிராஸ் ஒரு ஃப்யூஸ் மாதிரி, அது உடைஞ்சாதான் கிரவுன் பினியன் தப்பிக்கும், சின்னதாவே இருக்கட்டும்"னு எதிர்க் கோஷ்டி சொல்வாங்க. கேட்க நல்லாதான் இருக்கு. வண்டியில ஹேண்ட் பிரேக் அதே ஷாஃப்ட்ல இருக்கும்போது அந்த ஃப்யூஸ் எங்க வெச்சு உடையுதுங்கறதையும் சேர்த்து யோசிக்கணும். சரியான அளவுல நல்ல தரமான பீஸ், அதுதான் நடுவழி.

நிப்பிள் வேணுமா, வேணாமா?

கிரீஸ் நிப்பிள் இருக்கற கிராஸ்ல கிரீஸ் போக உள்ளே துளை போட்டிருப்பாங்க. துளை இருந்தா பலம் கொஞ்சம் குறையும், அதுல சந்தேகமில்லை. நிப்பிள் இல்லாத சீல் பண்ணின ரகம் அந்த விதத்துல பலமானது. ஆனா ஓடையில இறங்கி ஏறுற வண்டிக்கு எது முக்கியம்? தண்ணியும் சேறும் சீலைத் தாண்டி உள்ளே போனா, புது கிரீஸ் அடிச்சு அதை வெளியே தள்ள நிப்பிள் இருக்கணும். மலைத்தோட்ட வண்டிக்கு நான் நிப்பிள் உள்ளதைத்தான் எடுப்பேன், மாசம் ஒரு தடவை கிரீஸ் கன்னோட கீழே படுக்க ஆள் இருந்தா மட்டும். அந்த ஆள் இல்லைன்னா சீல் ரகமே மேல். லித்தியம் இ.பி. கிரீஸ், கிரேடு 2. நாலு கப் சீல் ஓரத்துலயும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கற வரைக்கும் அடிக்கணும். மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா, அந்த ஒண்ணுதான் முதல்ல சாகப் போறது.

கடையிலயே ஒரு கப்பைக் கழட்டிப் பாருங்க. ஊசிகள் இடைவெளி இல்லாம வரிசையா நிக்கணும், சாயக் கூடாது. சீல் ரப்பர் மெத்துனு இருக்கணும். கிராஸோட நாலு கையும் கண்ணாடி மாதிரி கிரைண்டிங் பண்ணியிருக்கணும், நகத்தால தடவினா வரி தட்டக் கூடாது. டூப்ளிகேட் பீஸ் இங்கயே பாதி மாட்டிக்கும்.

கோணம்

கைனமேடிக்ஸ் கிளாஸ்ல ஹூக்ஸ் ஜாயின்ட் படிச்சது ஞாபகம் இருக்கா? உள்ளே சீரான வேகம் போனாலும் வெளியே சீரா வராது. கோணம் 10 டிகிரின்னா 1,000 ஆர்.பி.எம். உள்ளே போய், வெளியே 985-க்கும் 1,015-க்கும் நடுவுல ஊசலாடும். 20 டிகிரின்னா 940-லிருந்து 1,064 வரைக்கும். ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை. 60 கிலோமீட்டர் வேகத்துல இந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு சுமார் 2,450 சுத்து சுத்துது, அப்போ நொடிக்கு 80 தடவைக்கு மேல குலுக்கல். இதை ரத்து பண்ணத்தான் ரெண்டாவது கிராஸ். ரெண்டு முனையிலயும் கோணம் சமமா இருக்கணும், ஷாஃப்ட்ல இருக்கற ரெண்டு யோக்கும் ஒரே தளத்துல நேரா நிக்கணும். ஸ்லிப் ஜாயின்ட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சுக்கோங்க. ஒரு பல்லு தள்ளி மாட்டினாலே புது கிராஸ் போட்ட வண்டி பழசை விட மோசமா அதிரும்.

ஸ்டைலுக்காகப் பட்டையைத் தூக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. ஷாஃப்ட் 500 மில்லிமீட்டர்னா, 50 மில்லிமீட்டர் தூக்கினா கோணம் சுமார் 5 முதல் 6 டிகிரி கூடிடும். ஜீப்போட வீல்பேஸ் 80 அங்குலம்தான், பின் ஷாஃப்ட் குட்டையானது, அதனால பாதிப்பு அதிகம். சரி, கோணமே இல்லாம பூஜ்யமா வெச்சா? அதுவும் கெடுதல். கோணம் இருந்தாதான் ஊசிகள் உருளும். உருளாம ஒரே இடத்துல நின்னு அடி வாங்கினா, கிராஸோட கையில ஊசி ஊசியாப் பள்ளம் விழும். பழைய கிராஸைக் கழட்டும்போது அந்த வரிகள் இருந்தா, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி கிரீஸ், கோணம், அதிர்ச்சிச் சுமை மூணுல எதுன்னு கண்டுபிடிங்க.

மாட்டும்போது சுத்தியலை ஓரமா வெச்சுட்டு வைஸ்ல வெச்சு அழுத்துங்க. ஒரு ஊசி படுத்துட்டாலும் கப் கடைசி ரெண்டு மில்லிமீட்டர் இறங்காது. அப்போ பலத்தைக் காட்டாம கழட்டிப் பாருங்க. லாக் காடியில முழுசா உட்காரணும். கடைசியா யோக்கோட காதுல லேசா ஒரு தட்டு தட்டினா இறுக்கம் விட்டு கிராஸ் நாலு பக்கமும் சுலபமா அசையும். 200, 300 கிலோமீட்டர் ஓடினதும் லாக்கையும் யூ-போல்ட்டையும் ஒரு தடவை பாருங்க.

பின் ஷாஃப்ட்டுக்கு வாங்கும்போது முன் ஷாஃப்ட்டுக்கும் சேர்த்தே வாங்கிடுங்க. ஃபோர் வீல் போடாம வருஷக்கணக்கா சும்மா இருந்து, அந்த கிராஸ் துருப்பிடிச்சு இறுகியிருக்கும். மலையில பின் கிராஸ் உடைஞ்சா உங்களைக் காப்பாத்தப் போறது அதுதான். கால் பிரேக்கை விடாம, கூட இருக்கறவங்களை இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்க. ஃபோர் வீல் லீவரைப் போட்டா, இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ்ல முன் ஷாஃப்ட்டும் அந்த ஹேண்ட் பிரேக் டிரம்மும் ஒண்ணாயிடும். முன் சக்கரத்துல லாக்கிங் ஹப் இருந்தா அதுவும் லாக்ல இருக்கணும். இப்போ ஹேண்ட் பிரேக் முன் சக்கரத்தைப் பிடிக்கும். பிறகு உடைஞ்ச ஷாஃப்ட்டை முழுசா கழட்டி வண்டிக்குள்ள போட்டுக்கோங்க. தொங்கவிட்டு ஓட்டினா முன்முனை ரோட்டுல குத்தி வண்டியையே தூக்கிடும். முன் சக்கர இழுவையிலயே மெதுவா கீழே இறங்கி வந்துடலாம்.