வாப்பும்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. "இம்முறை இராமேஸ்வரம் பக்கம் போய் வருவோம்" என்று உங்கள் இல்லத்திலும் பேச்சு எழுந்திருக்கக்கூடும். பேச்சு எழுந்த அன்றே ஆண்மக்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிடுவார்கள். பாம்பன் பாலம், தனுஷ்கோடி, அப்துல் கலாம் நினைவிடம், ஏர்வாடி, கீழக்கரை எனப் பெயர்கள் அடுக்கடுக்காக ஏறும். ஒன்றரை நாளில் எட்டு இடங்கள்! பட்டியல் நீண்ட பிறகு யாராவது ஒருவர் சொல்வார்: "வாப்பும்மாவால் இத்தனை அலைச்சல் தாங்க முடியாது. அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்." துணைக்கு ஒரு மருமகளும் வீட்டில் நிற்பாள். அத்துடன் திட்டம் முடிந்துவிடும்.

சகோதரியே, அந்தத் தாளை ஒருமுறை உங்கள் கைக்கு வாங்குங்கள். பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, வாப்பும்மாவின் பெயரை முதலில் எழுதுங்கள். இரக்கத்தினால் இதைச் சொல்லவில்லை. இந்தக் கடற்கரையைப் பார்ப்பதற்கு உங்கள் வீட்டிலேயே தகுதி மிக்கவர் அவர்தாம் என்பதனால் சொல்கிறோம்.

அரபு நாட்டுப் பயணிகளும் வணிகர்களும் தமிழகத்தின் கீழ்க்கரையை 'மஅபர்' என்று அழைத்தார்கள். கடந்து செல்லும் துறை என்பது அச்சொல்லின் பொருள். முத்தும் சங்கும் துணியும் இங்கிருந்து சென்றன. குதிரைகள் இங்கே வந்து இறங்கின. அக்கரையின் ஒரு பகுதியே இராமநாதபுரம் மாவட்டத்து மன்னார் வளைகுடாக் கரை. அதைக் காண மூன்று நாட்கள், இரண்டு இரவுகள் போதும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டால் காலையில் இராமநாதபுரத்தில் இறங்கலாம். மதுரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரச் சாலைப் பயணம். இராமநாதபுரத்திலேயே தங்கிக்கொண்டு, ஒரு நாள் தெற்கே கீழக்கரைப் பக்கமும் மறுநாள் கிழக்கே இராமேஸ்வரம் பக்கமும் சென்று வருவது முதியவர்களுக்கு எளிது. ஒவ்வோர் இரவும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் தொல்லை இல்லை. தரைத்தளத்தில் அறை கேளுங்கள்.

எந்த மாதத்தில் செல்வது? தை, மாசி மாதங்கள் சாலச் சிறந்தவை. சித்திரை, வைகாசியில் இம்மாவட்டத்து வெயிலை எளிதாக எண்ணிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தியைக் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள். கோடை விடுமுறையைத் தவிர வேறு நாள் வாய்க்காதெனில், காலை பத்து மணிக்குள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, லுஹர் முடிந்து அஸர் வரை ஓய்வெடுத்து, பிறகு வெளியே கிளம்புங்கள்.

முதல் நாளை முழுமையாகக் கீழக்கரைக்குக் கொடுங்கள். பலரும் ஏர்வாடிக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தித் தொதல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெருங்குறை அது.

கீழக்கரையில் முதலில் ஜும்ஆப் பள்ளிவாசலைப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட பள்ளி அது. தூண்களையும் போதிகைகளையும் கூரைக் கற்களையும் பார்த்தால் நம் நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணம் என்பது உடனே புரியும். ஆனால் எங்கும் உருவம் இல்லை. பூவும் கொடியும் கோலமுமே செதுக்கப்பட்டுள்ளன. பள்ளிவாசல் என்றாலே கும்மட்டமும் மினாராவும் என்று படம் வரைந்து பழகிய பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருக்கும். "இது ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்று கேட்பார்கள். கேட்க விடுங்கள். இந்த மண்ணின் கல்லையும் இந்த மண்ணின் தச்சையும் கொண்டே நம் முன்னோர் தங்கள் தொழுகை இடத்தைக் கட்டிக்கொண்டார்கள் என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிடத் தூணைத் தொட்டு அறிவது மேல்.

வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலம் இங்கேதான் உள்ளது. ஷெய்கு அப்துல் காதிர் என்பது அவருடைய இயற்பெயர். சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பராகவும் பெருங்கப்பல் வணிகராகவும் விளங்கியவர். 'செத்தும் கொடுத்தவர்' என்ற பெயர் தமிழ்நாட்டில் வேறு எவருக்கும் இல்லை. அவர் காலத்து மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களும் இவ்வூரோடு இணைந்தவர்களே. உமறுப்புலவர் பெருமானாரின் வரலாற்றைப் பாட விரும்பி உரை கேட்டு அப்பா அவர்களிடம் வந்ததாகவும், புலவரின் கோலத்தைக் கண்டு அவர்கள் முதலில் மறுத்ததாகவும், பின்னர் கனவில் அறிவுறுத்தப்பட்டு இசைந்ததாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். சீறாப்புராணம் பிறக்கத் தூண்டுகோலாக இருந்தவர் சீதக்காதி என்றாலும், நூலுக்குள் புலவர் நன்றியோடு போற்றுவது அபுல் காசிம் மரைக்காயரைத்தான். புலவர்களுக்கும் புரவலர்களுக்கும் இடையில் காலன் புகுந்துவிட்டால் இப்படித்தான் ஆகும் போலும்!

இந்தக் கதைகளை யார் சொல்வது? நீங்களும் நானும் எங்கோ படித்ததைச் சொல்வோம். உங்கள் வாப்பும்மாவோ, அவருடைய உம்மா மடியில் கேட்டதைச் சொல்வார். அவரை அழைத்துச் செல்லச் சொன்னதற்கு முதற்காரணம் இது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் குடும்பங்களில் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பெண்மணிகளிற் சிலருக்கு இன்றும் அரபுத்தமிழ் படிக்கத் தெரியும். அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் உருவாக்கிக்கொண்ட எழுத்துமுறை அது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமார் மார்க்கச் சட்டங்களையும் நபிமார் வரலாற்றையும் மாலைகளையும் கற்றது இவ்வெழுத்தின் வழியாகத்தான். 'படிக்காதவர்கள்' என்று நாம் அவர்களை எண்ணுவது எத்துணை அறியாமை! அவ்வெழுத்துக்குப் பெரும் தொண்டு செய்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் அவர்கள் கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்தார்கள். அவர்களுடைய அரூஸிய்யா மத்ரஸாவும் இங்கேதான் இருக்கிறது. 'ஃபத்ஹுத் தய்யான்', 'மகானி' முதலிய அவர்களுடைய அரபுத்தமிழ் நூல்கள் ஒரு காலத்தில் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுதோறும் இருந்தன.

உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியின் அடித்தட்டிலோ அத்தகைய பழைய ஏடு ஒன்று கிடந்தால், தூசு தட்டித் துணியில் சுற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள். கீழக்கரையில் நிழலான ஓரிடத்தில் அமர்ந்து வாப்பும்மாவை ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் அதைப் பதிவு செய்யட்டும். உங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்றால், இந்தப் பயணத்தைக் கோடைக்குத் தள்ளலாமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா என்று யோசிக்காதீர்கள். முடிந்தால் இம்மாதமே புறப்படுங்கள்.

பள்ளிகளுக்கும் மத்ரஸாவுக்கும் செல்லுமுன் ஒரு வார்த்தை. பெண்கள் உள்ளே சென்று பார்க்கும் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். வீட்டு ஆண்கள் முன்கூட்டியே நிர்வாகத்தாரிடம் கேட்டு நேரம் பெற்றுக்கொள்ளட்டும். இந்த வேலையை மறந்துவிட்டு, வாசலுக்கு வந்த பிறகு "நீங்கள் வண்டியிலேயே இருங்கள்" என்று பெண்களிடம் சொல்வது பயணத்துக்கு அழகன்று. வெள்ளிக்கிழமை முற்பகலைத் தவிர்த்துவிடுங்கள். தெருக்களில் படம் எடுக்கும்போது வீட்டு வாசல்களில் நிற்கும் பெண்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது ஒழுங்கு.

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் பெரியபட்டினம் என்னும் ஊர் உண்டு. இன்று அமைதியான கடலோரச் சிற்றூர். 1980-களில் ஆய்வாளர்கள் இங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. 1340-களில் மஅபருக்கு வந்த இப்னு பதூதா, 'ஃபத்தன்' என்றொரு அழகிய துறைமுகத்தையும், அங்கே கல்லால் கட்டிய பள்ளிவாசலையும், திராட்சையும் மாதுளையும் மிகுதியாகக் கிடைத்ததையும் குறித்திருக்கிறார். அந்த ஃபத்தன் இந்தப் பெரியபட்டினமே என்று கருதுவோர் உண்டு. வேறு ஊர்களைச் சொல்வோரும் உண்டு. மணலில் கால் வைத்துக்கொண்டு, 'இங்கேயா திராட்சை விளைந்தது?' என்று பிள்ளைகளை வியக்கவிட்டுத் திரும்பலாம். ஒரு மணி நேரம் போதுமானது.

ஏர்வாடி தர்காவுக்குச் செல்வது பற்றி நம் இல்லங்களில் பல கருத்துகள் உள்ளன. அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஆனால் மனநோய் கண்ட உறவினரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க எண்ணும் குடும்பங்களுக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றி வெந்து மாண்டார்கள். மாண்டவர் 28 பேர். அத்தனை பேருக்கும் ஒரு வாப்பாவோ உம்மாவோ உடன்பிறப்போ எங்கோ இருந்திருப்பார்கள். துஆவும் கேளுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள், நோயாளியை விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.

இரண்டாம் நாள் கிழக்கே செல்லுங்கள். காற்று தணிந்திருக்கும் காலை வேளையில் பாம்பனைக் கடப்பது நல்லது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் கப்பல் வரும்போது தொழிலாளர்கள் கையால் நெம்பித் தூக்குகளைத் திறப்பார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி மின்தூக்கி போல நேராக மேலே எழும்புகிறது. சாலைப் பாலத்தில் வண்டியை நடுவழியில் நிறுத்திப் பிள்ளைகளை இறக்காதீர்கள். பின்னால் வரும் பேருந்து உங்களுக்காகக் காத்திராது.

தீவில் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம் 2017-இல் திறக்கப்பட்டது. இதைவிட, இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் உள்ள அவருடைய இல்லத்தையே பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்வோம். இராமேஸ்வரத்துக்கு வரும் இந்து யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லத் தம் தந்தை மரப்படகு கட்டியதையும், புயல் ஒன்று அப்படகைக் கொண்டுபோனதையும் கலாம் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தத் தெருவில் நின்று அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

தனுஷ்கோடியில் வாப்பும்மாவுக்கு மீண்டும் வேலை உண்டு. சென்னை எழும்பூரில் ரயிலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில் போன 'போட் மெயில்' காலத்தை அவர் கேள்விப்பட்டிருப்பார். கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பாவையோ மாமாவையோ வழியனுப்பிய நினைவுகூட இருக்கலாம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயலில் அந்த ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணி ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மூழ்கிற்று. இடிந்த தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சங்களும் இன்றும் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போடப்பட்டதால் முதியவர்களும் வண்டியிலேயே முனை வரை போகலாம். மாலைக்குப் பின் அங்கே இருக்க விடமாட்டார்கள். ஆகவே முற்பகலிலேயே சென்று திரும்புங்கள். அங்கே குளிக்க இறங்கவே கூடாது. கரையிலிருந்து நாலடியில் ஆழம் விழும், நீரோட்டமும் வலிது. பெண்கள் இராமேஸ்வரத்திலேயே கழிப்பறைக்குச் சென்றுவிட்டுப் புறப்படுவது நலம், ஒளுவுடனேயே கிளம்பலாம். குடிநீரை வீட்டு அளவுக்கு இரு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை.

தொழுகையைப் பற்றிக் கடைசி நேரத்தில் வண்டிக்குள் விவாதம் செய்யாமல் வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பயணத் தூரம் நிறைவேறினால், மூன்று நாள் பயணத்தில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபினருமே முஸாஃபிர்கள்தாம், கஸ்ர் செய்யலாம். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகையை ஷாஃபிஈகள் கைக்கொள்வர். ஹனஃபிகள் அவ்வாறு சேர்ப்பதில்லை. மாமியார் ஒரு மத்ஹப், மருமகள் ஒரு மத்ஹப் என்றிருக்கும் வீடுகளில் நேரத்தை இரண்டுக்கும் பொருந்துமாறு அமைத்துக்கொள்வது மருமகளின் சாமர்த்தியம்! ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளை வெறுமையாக வைத்திருங்கள். இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் அரண்மனையும் அதன் சுவரோவியங்களும் உள்ளன. முதல் நாளில் விட்டுப்போன ஒன்றுக்காகக் கீழக்கரைக்கு மறுபடி போக வாப்பும்மா விரும்பினால், ஓவியங்களைப் பிள்ளைகளும் ஆண்களும் பார்க்கட்டும். நீங்கள் அவருடன் போங்கள்.

திரும்பும்போது தொதல் வாங்க மறவாதீர்கள். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் இனிப்பையும் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை மணிக்கணக்கில் கிளறி எடுப்பது அது. மலாய் நாட்டிலும் இலங்கையிலும் 'டோடோல்' என்ற பெயரில் இதையே கிண்டுகிறார்கள்; கப்பலேறிப் போய் வந்த பண்டம். சில நாட்கள் கெடாது. அண்டை வீட்டாருக்கும் சேர்த்தே வாங்குங்கள்.